மறுபடி சூடு காட்டினால் போதுமா?

வானொலியில் பேசுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. சொன்னது காற்றில் போய்விடும். அச்சில் வந்ததைப்போல யாரும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்து முகத்துக்கு நேரே நீட்ட மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் சில மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை காலை நிகழ்ச்சியில், இரண்டு பாடல்களுக்கு நடுவே, ஒரு சமையல் குறிப்பை வாய்க்கு வந்தபடி சொல்லி வைத்தேன்.

“நேற்று இரவு மிஞ்சிய சோறு மேசையிலேயே இருந்துவிட்டதா? கவலை வேண்டாம் நேயர்களே. குவாலியில் போட்டு நன்றாகச் சூடு காட்டுங்கள். இருக்கிற கிருமியெல்லாம் செத்துவிடும். சுடச்சுட நாசி கோரேங் தயார்!”

பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தொலைபேசி அழைப்பு. மருத்துவமனைச் சமையல்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஒலிபரப்பில் பேச விருப்பமில்லை, என்னிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும் என்றார்.

“தம்பி, சூடு பண்ணா கிருமி செத்துரும்னு சொன்னீங்க. சரி. அது கக்கி வச்ச விஷம் சாகுமா?”

“அதெல்லாம் செத்துரும்மா” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “கேட்டுட்டு சொல்லுங்க தம்பி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த பாடலுக்கு நேரமாகிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பத்து பெரண்டாமில் அக்கா மகனுக்குப் பிறந்தநாள். ஆறு வயது. கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து சேர்ந்தேன். வீட்டு முன்னால் கூடாரம், பலூன், பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பம், அப்பாவின் பழைய தொழிற்சாலை நண்பர்கள் எல்லாம் வழக்கம்போல. மூன்று மணிக்கு வடித்த சோறு ஒரு பெரிய அண்டாவில் இருந்தது. இரவு பத்து மணிக்கு விருந்தினர் போனபிறகு அண்டாவில் பாதி மிச்சம். குளிர்ப்பெட்டியில் கேக்கும் குளிர்பானமும் இடம் பிடித்திருந்தன. அண்டாவை மூடி, மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் படுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாற என்ன செய்யலாம் என்று அம்மா யோசித்தபோது, வானொலிப் புகழ் சமையல் நிபுணர் எழுந்தார். “நீங்க உட்காருங்கம்மா, நான் பாத்துக்கிறேன்.” பூண்டு, நெத்திலி, முட்டை, மிளகாய் விழுது. குவாலி புகையப் புகைய வதக்கினேன். ஆவி பறக்கத்தான் தட்டில் போட்டேன். அதில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

எட்டரைக்குச் சாப்பிட்டோம். பதினோரு மணிக்குள் பிறந்தநாள் பிள்ளை மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டான். அடுத்து அப்பா. அதற்கடுத்து நான், குளியலறைக் கதவுக்கு வெளியே வரிசையில். அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒன்றுமில்லை. அவர்கள் ரொட்டி சாப்பிட்டிருந்தார்கள்.

கிளினிக்கில் இருந்த இளம் மருத்துவர் பிள்ளையின் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “சோறா?”

யாரும் எந்த மாதிரியையும் எடுத்துப் பரிசோதிக்கவில்லை. அண்டாவை அம்மா அதற்குள் கழுவி வைத்துவிட்டார். ஆகவே இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் சாப்பிட்ட நேரமும், வாந்தி வந்த நேரமும், சாப்பிட்டவர் யார் சாப்பிடாதவர் யார் என்ற கணக்கும் ஒன்றையே காட்டின. மறுநாள் மூவரும் தேறிவிட்டோம். என் தொண்டையில் மட்டும் அந்த அம்மாவின் கேள்வி நின்றுகொண்டிருந்தது.

மாமா மகள் ஒருத்தி உணவு அறிவியல் படித்தவள். அவளைப் பிடித்தேன். “கொதிச்ச சோத்துல கிருமி எங்கேருந்து வந்துச்சு? மூடி வச்சிருந்தோமே?” என்று கேட்டேன்.

“வெளியிலேருந்து வரவே வேணாம் அத்தான். அரிசியோடயே வந்துச்சு. நீங்க கொதிக்க வச்சப்பவும் உள்ளதான் இருந்துச்சு. சொல்லப்போனா, கொதிக்க வச்சதுனாலதான் முழிச்சுக்கிச்சு.”

இந்தக் கடைசி வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. புரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கிருமியின் பெயர் பாசிலஸ் சீரியஸ். மண்ணில் வாழ்வது. வயல் மண்ணிலிருந்து நெல்லுக்கு, நெல்லிலிருந்து அரிசிக்கு என்று சாதாரணமாக வந்து சேர்வது. 1887-ஆம் ஆண்டில் பிராங்க்லண்ட் தம்பதியர் இதை முதலில் விவரித்தபோது, ஒரு மாட்டுக்கொட்டகையின் காற்றிலிருந்து பிடித்தார்களாம். சீரியஸ் என்றால் லத்தீனில் மெழுகு போன்றது என்று பொருள். ஆய்வுக்கூடத் தட்டில் மெழுகு பூசியதுபோல வளருமாம். கெட்டவன் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. நம் தோட்டத்து மண்ணில் கோடிக்கணக்கில் சும்மா கிடப்பவன்தான்.

உணவு குறைந்தால் நாம் கடன் வாங்குவோம். இந்தக் கிருமி வேறொன்று செய்யும். தன் உடலுக்குள்ளேயே ஒரு வித்தைக் கட்டும். ஆங்கிலத்தில் ஸ்போர் என்பார்கள். தாய் உடல் கரைந்துபோக, வித்து மட்டும் மிஞ்சும். அதற்கு மூச்சில்லை, பசியில்லை, வளர்ச்சியில்லை. செத்ததா இருக்கிறதா என்று கேட்டால் இரண்டும் இல்லை. வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். 1942-இல் பிரிட்டிஷ் இராணுவம் ஸ்காட்லாந்தை ஒட்டிய குரூனார்ட் என்ற குட்டித் தீவில் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகளை வெடித்துச் சோதனை செய்தது. இவர் அவருக்கு நெருங்கிய உறவினர். தீவு முழுக்க ஃபார்மால்டிஹைடு கலந்த கடல்நீரைத் தெளித்துச் சுத்தம் செய்து, இனி ஆபத்தில்லை என்று அறிவித்தபோது ஆண்டு 1990. நாற்பத்தெட்டு வருடம்.

எங்கள் ஊர்ப் பெயரை எத்தனை பேர் யோசித்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. மலாயில் பத்து என்றால் கல். பெரண்டாம் என்றால் நீரில் ஊறிக் கிடப்பது. ஊறிக் கிடக்கிற கல். சின்ன வயதில் இந்தப் பெயர் எனக்கு வேடிக்கையாக இருக்கும். கல்லை ஊறவைத்து யாராவது என்ன செய்ய? உளுந்தா அது? மாமா மகள் வித்தைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வெந்நீரில் போட்டாலும் ஊறாத கல். ஆனால் இந்தக் கல்லுக்கு ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவில்தான் கதையே.

வித்தை ஒரு மாங்கொட்டையைப்போல நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பருப்பு. அங்கேதான் மரபணு இருக்கிறது. அந்த இடம் மிக வறண்டது. தண்ணீரை வெளியேற்றி, அந்த இடத்தில் டைபிகோலினிக் அமிலம் என்ற பொருளைச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்துத் திணித்து வைத்திருக்கும். சூட்டைத் தாங்குகிற வலிமை முக்கியமாக இந்த வறட்சியிலிருந்து வருகிறது. ஈரத்துணி வெந்நீரில் எப்படி ஆகும், காய்ந்த கட்டை எப்படி ஆகும் என்ற வித்தியாசம்போல. அந்தப் பருப்பைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு, அதற்கு மேல் தடித்த ஒரு மெத்தை. அதற்கும் மேலேதான் நமக்கு வேண்டிய மேலுறை.

இந்த மேலுறை முழுக்கப் புரதம். இந்தக் குடும்பத்தில் அதிகம் ஆராயப்பட்ட பாசிலஸ் சப்டிலிஸ் என்ற கிருமியில் 70-க்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் அடுக்கடுக்காகப் பின்னிக் கிடக்கின்றன. சூட்டைத் தாங்குவதில் மேலுறைக்கு அவ்வளவு பங்கில்லை என்பதைக் கேட்டு நான் ஆச்சரியப்பட்டேன். கோட்டுப் போட்டால் குளிரும் வெயிலும் தெரியாது என்றுதானே நினைப்போம்? மேலுறையின் வேலை வேறு. அது ஒரு சல்லடை. நம் கண்ணீரிலும் எச்சிலிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் லைசோசைம் என்ற பொருள் இருக்கிறது. கிருமிகளின் சுவரை அறுக்கிற அரிவாள். அது பெரிய மூலக்கூறு. மேலுறையைத் தாண்டி உள்ளே போக முடியாது. மண்ணில் கிருமிகளை விழுங்கிச் செரிக்கிற சிற்றுயிர்களாலும் இதைச் செரிக்க முடியாது. குளோரின் போன்றவற்றையும் ஓரளவுக்குத் தடுத்து நிறுத்தும்.

ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு வெளியே மழை பெய்ததா, சாப்பாடு வந்ததா என்று எப்படித் தெரியும்? அதற்காகச் சின்னச் சின்ன மூலக்கூறுகள் மட்டும் புகுந்து போக வழி விட்டிருக்கிறது. அலனின் என்ற அமினோ அமிலம், இனோசின் என்ற இன்னொரு சிறு பொருள். இவை உணவின் வாசனைபோல. மேலுறையைக் கடந்து, மெத்தையைக் கடந்து, உள்சவ்வில் காத்திருக்கும் பூட்டில் சாவியைப்போலப் போய்ப் பொருந்த வேண்டும். பொருந்தினால் வித்து விழிக்கும்.

இந்த வழி தானாகக் கிடைத்ததல்ல என்பதை ஆய்வாளர்கள் அழகான ஒரு சோதனையில் கண்டுபிடித்தார்கள். பாசிலஸ் சீரியஸ் வித்தில் ஒரு குறிப்பிட்ட மரபணுத் தொகுப்பைச் சிதைத்தார்கள். வித்து பார்க்க ஒழுங்காகவே இருந்தது. ஆனால் உணவு காட்டினால் விழிக்கத் தாமதித்தது. பூட்டு கெட்டுவிட்டதா? அதே வித்தின் மேலுறையை ரசாயனத்தால் உரித்துவிட்டுப் பார்த்தார்கள். சட்டென்று விழித்தது. பூட்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. சாவியை உள்ளே அனுப்புகிற வாசல்தான் அடைபட்டிருந்தது. மேலுறை வெறும் சுவரல்ல, வாசலும் அதுவே என்பது அப்படித் தெரியவந்தது.

இன்னொன்றும் உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாசிலஸ் சீரியஸ் வித்தில் மேலுறைக்கும் வெளியே தொளதொளவென்று ஒரு சட்டை இருக்கிறது. அந்தச் சட்டையில் அலனினைப் பிடித்துத் திருப்பிவிடுகிற ஒரு நொதி உட்கார்ந்திருக்கிறது. அலனினுக்கு வலது கை, இடது கைபோல இரண்டு வடிவம். ஒன்று எழுப்பும், மற்றொன்று எழவிடாது. எழுப்புகிற கையை எழவிடாத கையாக மாற்றுவதுதான் இந்த நொதியின் வேலை. கல்யாண மண்டப வாசலில் நிற்கிற பெரியப்பாவைப்போல. ஒன்றிரண்டு பேர் வந்தால் ‘இன்னும் பந்தி போடல, உட்காருங்க’ என்று திருப்பி அனுப்புவார். கூட்டமாக வந்தால் அவராலும் தடுக்க முடியாது. கொஞ்சம் உணவைப் பார்த்து ஏமாந்து எழுந்துவிடாமல், உண்மையிலேயே பந்தி போட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகே வித்து எழ வேண்டும். எழுந்துவிட்டால் கவசம் போச்சு. திரும்பப் போய்ப் படுக்க முடியாது.

விழித்த பிறகு நடப்பதெல்லாம் வேகம். நிமிடக் கணக்கில் உள்ளே இருந்த சுண்ணாம்பும் அமிலமும் வெளியே கொட்டும். தண்ணீர் உள்ளே பாயும். மெத்தையை அறுக்கிற நொதிகள் வேலை தொடங்கும். அவற்றில் ஒன்று மேலுறையை ஒட்டியே காத்திருக்கிறதாம். பருப்பு உப்பும், மேலுறை பிளக்கும், முளை வெளியே வரும்.

இப்போது எங்கள் வீட்டு அண்டாவுக்கு வருவோம். அரிசியில் சில வித்துகள். கழுவினால் எல்லாம் போய்விடாது. பசைபோல ஒட்டிக்கொள்ளும். சோறு கொதித்தது, 100 டிகிரி. மற்ற கிருமிகள் செத்தன. வித்து சாகவில்லை. இந்த வித்துகளை ஆய்வுக்கூடத்தில் எழுப்ப வேண்டுமென்றால் அரை மணி நேரம் 70 டிகிரி சுமாருக்குச் சூடுபடுத்துவார்கள். அந்தச் சூடு தூக்கத்தைக் கலைக்கும். சமைக்கும்போது நாமும் அதையேதான் செய்கிறோம். போட்டிக்கு வேறு கிருமி இல்லாமல் களத்தைச் சுத்தம் செய்து, ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்த பந்தியை விரித்து, தட்டி எழுப்பியும் விடுகிறோம். பிறகு மூடி வைத்து, மேலே துண்டும் போடுகிறோம். ஒரு பெரிய அண்டாச் சோற்றின் நடுப்பகுதி ஆற எவ்வளவு நேரம் ஆகும்? நம் ஊர்ச் சூட்டில் இரவு முழுக்க அது முட்டையை அடைகாக்கிற கூடுதான்.

வெதுவெதுப்பான சோற்றில் இந்தக் கிருமி அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வையுங்கள். இரவு ஒன்பதுக்கு ஒன்று. காலை ஏழு மணிக்கு இருபது முறை இரட்டித்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்துக்கும் மேல்.

அந்தப் பத்து லட்சத்தையும் நான் குவாலியில் கொன்றேன். சந்தேகமே இல்லை, விழித்த கிருமி சாதாரணச் சூட்டிலேயே சாகும். ஆனால் சாவதற்கு முன் அவை சோற்றில் கக்கி வைத்த விஷத்துக்கு சீரியுலைடு என்று பெயர். வளையம்போல முறுக்கிக்கொண்ட சிறிய மூலக்கூறு. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தும் அது செயல் இழக்கவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் குவாலி எந்த மூலைக்கு? சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. எங்களுக்கு இரண்டரை மணி நேரத்துக்குள்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: சாகாது.

இது எங்கள் குடும்பம் கண்டுபிடித்த புதுமை இல்லை. 1940-களின் கடைசியில் நார்வேயின் ஓஸ்லோவில் மருத்துவமனை வரை இந்தக் கிருமி புகுந்து பலரைப் படுக்க வைத்தது. குற்றவாளி வெண்ணிலாக் குழம்பு. சோளமாவில் இருந்த வித்து, முதல்நாளே காய்ச்சிய குழம்பு, சாதாரண அறையில் ஆறவிட்ட பெரிய பாத்திரம். அதே கதை. ஸ்டைனார் ஹௌகே என்ற ஆய்வாளர் யாரும் நம்பவில்லையே என்று, கிருமி வளர்த்த அந்தக் குழம்பைத் தானே ஒரு குவளை குடித்துப் பார்த்தார். அரை நாளுக்கு மேல் ஒன்றுமில்லை. பிறகு வயிற்றுவலியும் பேதியும் ஆளைப் புரட்டியெடுத்தன. வாந்தி விஷம் வேறு, பேதி விஷம் வேறு என்பது பின்னால் தெரிந்தது. பேதி விஷம் சூட்டில் அழியும். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் வறுத்த சோறு சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தபோதுதான் சோறு பிடிபட்டது. வேகவைத்த சோற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், வறுக்க வராது என்று வெளியிலேயே வைத்திருந்தார்களாம். நம் வீட்டில் சொல்லாத காரணமா இது?

பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். பெரும்பாலும் என்ற சொல்லுக்கு ஒரு விலை இருக்கிறது. 2008-இல் பெல்ஜியத்தில் இருபது வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் வெளியில் கிடந்த ஸ்பெகட்டியைச் சூடுபடுத்திச் சாப்பிட்டுவிட்டு இரவு தூங்கப்போனார். காலையில் எழவில்லை. அவருடைய கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது. வெளியூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற, வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

ஒரு சந்தேகம் எனக்கே வந்தது. மறுபடி மறுபடி சூடு காட்டிக் கிருமி ஒழிக்கிற முறை ஒன்று உண்டு என்று எங்கோ படித்திருக்கிறேனே? உண்டு. 1876-இல் ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் கோன் வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்கவைத்தும் பிழைத்த வித்துகளை விவரித்தார். அதே காலத்தில் லண்டனில் ஜான் டிண்டல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஐந்து நிமிடக் கொதியில் சுத்தமான வைக்கோல் நீர், ஆய்வுக்கூடத்துக்குப் பழைய வைக்கோல்கட்டு வந்த பிறகு மணிக்கணக்கில் கொதித்தும் கெட்டது. இடமே கெட்டுவிட்டது என்று சோதனையைக் கியூ தோட்டத்துக்கு மாற்றிப் பார்த்தார். கடைசியில் 1877-இல் அவருக்குப் பொறி தட்டியது. தூங்குகிறவனைக் கொல்ல முடியாது, எழுப்பி விட்டுக் கொல்லலாம். கொஞ்சம் கொதிக்கவை, சில மணி நேரம் விடு, விழித்தவை பெருகுவதற்கு முன் மறுபடி கொதிக்கவை, மறுபடி விடு. நீண்ட ஒரு கொதியில் சாகாதவை குட்டிக் குட்டிக் கொதிகளில் செத்தன.

‘அப்ப நான் செஞ்சதும் டிண்டல் முறைதானே?’ என்று மாமா மகளிடம் கேட்டுப் பார்த்தேன், கடைசி முயற்சியாக. “அவர் பெருக விடல அத்தான். நீங்க விட்டீங்க. அவர் அதை எடுத்துச் சாப்பிடவும் இல்ல” என்றாள்.

தகரச் சார்டினுக்கு இந்தத் தொல்லை ஏன் இல்லை என்றால், அதை அழுத்தத்தில் 121 டிகிரிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே வித்தே சாகும். மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, சூடு தாங்கும் ஒருவகைக் கிருமியின் வித்தையே உள்ளே வைத்துப் பார்ப்பார்களாம். அது செத்தால்தான் இயந்திரத்துக்குத் தேர்ச்சி.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோதுதான் உண்மையான தேர்வு எனக்கு வந்தது.

“அப்ப நாங்க தோட்டத்துல தின்னது என்ன?” என்றார்.

அம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் வளர்ந்தவர். இரவு சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். பாட்டி விடியுமுன் எழுந்து, அதில் சின்ன வெங்காயமும் உப்பும் போட்டுக் குடித்துவிட்டு, தூக்குச்சட்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவார். பால்மரம் வெட்டி முடிக்கும்வரை அதுதான் தெம்பு. யாருக்கும் வாந்தியும் வரவில்லை, பேதியும் வரவில்லை என்பது அம்மாவின் வாதம். வந்திருந்தாலும் அன்றைக்குப் பெயர் போட யாரும் கிளினிக் போகவில்லை என்பது என் வாதம். ஆனால் அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றியதும் சோறு சீக்கிரம் ஆறும். புளிக்கவைக்கிற நல்ல கிருமிகள் அந்த நீரில் பெருகி அமிலம் சுரக்கும். புளிப்பு ஏறினால் பாசிலஸ் சீரியஸால் வளர முடியாது. பாட்டி முதல்நாள் நீராகாரத்தில் ஒரு கை ஊற்றி வைப்பாராம். உறைமோர்போல. பயணத்துக்குப் புளிச்சோறு கட்டியவர்களும் இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தார்கள். தேங்காய்ச் சோற்றை யாரும் கட்டிக்கொண்டு போகவில்லை பாருங்கள். ஆனால் புளிப்பு ஏறுவதற்கு முன் இருக்கிற சில மணி நேரம் யார் முந்துவார்கள் என்ற பந்தயம்தான். பாட்டி பெரும்பாலும் ஜெயித்தார். நான் அம்மாவுக்கு அவ்வளவு மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

சோறு விஷயத்தில் நம் தோட்டத்துக்காரர்கள் முன்பும் ஒருமுறை தெரியாமலே ஜெயித்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து 1907-இல் புத்தகமே எழுதினார். அரிசியின் மேலுறையில் இருக்கிற சத்து புழுக்கும்போது உள்ளே இறங்கிவிடுகிறது என்ற விளக்கம் பிறகு வந்தது. அங்கேயும் மேலுறைதான்.

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்கிறது. பார், முகர், ருசி என்றும் சொல்கிறது. நல்ல ஆலோசனை. ஆனால் சீரியுலைடுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை, ருசியும் இல்லை. என் நாசி கோரேங் அன்று பிரமாதமாக இருந்தது. அக்கா மகன் இரண்டாவது தட்டு கேட்டான். ஆகவே மூக்கை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். மிஞ்சியது என்று தெரிந்தவுடன் அகலமான தட்டில் பரப்பி, விசிறிக் காற்றில் ஆறவிட்டு, சின்னச் சின்ன டப்பாக்களில் குளிர்ப்பெட்டிக்குள். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ரைஸ் குக்கரில் சூடு பிடிக்கிற விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பரவாயில்லை, 60 டிகிரிக்கு மேல் இது வளராது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சுவிட்சை அணைத்துவிட்டு மூடியே வைப்பதுதான் மோசம். எங்கள் அப்பாவின் வழக்கம் அது. திருத்திக்கொண்டிருக்கிறோம்.

பதினைந்து நாள் கழித்து, அதே புதன்கிழமை நிகழ்ச்சியில், தயாரிப்பாளரிடம் கெஞ்சி நாற்பது விநாடி வாங்கினேன். முன்பு சொன்னது தவறு என்று சொன்னேன். வெளியில் கிடந்த சோற்றைச் சூடு காட்டினால் கிருமி சாகும், விஷம் சாகாது என்று சொன்னேன். இதைச் சொல்லிக்கொடுத்த நேயருக்கு நன்றி என்றேன். பெயர் சொல்லவில்லை, அவர் கேட்டுக்கொண்டபடி. தவறான குறிப்பைச் சொன்னபோது வந்த வாட்சாப் பாராட்டுகள் முப்பதுக்கு மேல். திருத்தத்துக்கு வந்தவை இரண்டு. அதில் ஒன்று, அடுத்த பாடல் எப்போது என்று கேட்டது.

அந்த அம்மா அன்று அழைக்கவில்லை. இந்தப் பத்தியை அவர் படிப்பார் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா, நான் ஒன்றும் சொல்லாமலே, பெரிய தட்டை எடுத்து மிச்சச் சோற்றைப் பரப்பினார். விசிறியை அதன் பக்கம் திருப்பினார். ஆறியதும் மூன்று டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் அடுக்கினார். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் ஒரு கைப்பிடி மிச்சம் வைத்திருந்தார். அதைப் பழைய பீங்கான் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மேல்அலமாரியிலிருந்து எதையோ ஒரு கரண்டி எடுத்துக் கலந்து, மூடி வைத்தார்.

“அது என்னம்மா?”

“அது எனக்கு. நீ ரேடியோல சொல்லாத.”